அறுவை மருத்துவம் பயில்வோரும் பணிக்கருகலும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுத்துரைக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து செய்து கொடுப்பவர் என்பன அவை. வகுப்பில் இக்குறளை நடத்துங்கால் முதல் மூன்றையும் விரித்துரைத்து நான்காமவரை நாம் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அவருக்கும் பசி உண்டா, உறக்கம் உண்டா என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. இன்றைய பெரிய அரசு மருத்துவமனை ஒன்றினுள் இரவில் சென்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வள்ளுவர் கூறிய இரண்டாமவரும் நான்காமவரும் அங்கே பல வேளைகளில் ஒருவரே. அறுவை மருத்துவத்தில் பட்டமேற்படிப்புப் பயிலும் இளைஞரோ இளம்பெண்ணோதான் அவர். காயத்தைத் தைப்பவரும் அவரே; இரத்தப் புட்டியைத் தேடி ஓடுபவரும் அவரே. அவருடைய பணியிடம் அவரை என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இஃது எதற்கு என்று மூத்தோர் சிலர் வினவலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும் என்பது நம் ஊர்களின் நெடுநாள் கனவு. 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும், 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் வந்தபின் அக்கனவு சிற்றூர்களிலும் கைகூடி வருகிறது. கனவு கைகூடிய பிறகு அப்பிள்ளை எங்கே உறங்குகிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

கெடார்ச் சாலையில் ஓர் இரவு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள ஊர் கெடார். அச்சாலையில் ஓர் இரவைக் கற்பனை செய்து பார்ப்போம். கரும்பேற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கின்றிச் சாலையோரம் நிற்கிறது. இருசக்கர வண்டியில் வந்த இளைஞர் அதன்மேல் மோதி வீழ்கிறார். தொடையெலும்பு முறிந்துவிட்டது, வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது. 108 ஊர்தி வருகிறது. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கப்பெற்ற அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையே இப்பகுதி மக்களுக்கு அண்மையிலுள்ள பெரும் புகலிடம். அங்கே இயலாதது எனின் புதுவை ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்றது திண்டிவனத்தை அடுத்த மேல்மருவத்தூரில்தான். ஆகவே இளைஞரின் உறவினர் கையில் பணமில்லையே என்று கலங்க வேண்டா.

நோயாளிக்குரிய 48 மணி நேரத்தை அரசு எண்ணி வைத்திருக்கிறது. அவரைத் தொட்டுத் தைக்கும் மருத்துவர் அதற்கு முன் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதை எண்ணுவார் யார்? இவ்வினா எந்த ஒரு மருத்துவமனையையும் சுட்டி எழுந்ததன்று. பயிலும் மருத்துவர்களின் தோளில் இரவுப்பணி ஏறியிருக்கும் எல்லா இடங்களுக்கும், கடல்கடந்த நாடுகளுக்கும் இது பொருந்தும்.

அதே சாலையில் காவலர் வண்டிகளை மறித்து ஓட்டுநரை ஊதச் சொல்கின்றனர். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பின் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், டாசன், ரீட் என்போர், ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். 24 மணி நேரம் உறங்காது விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, இரத்தத்தில் ஏறத்தாழ 100 மில்லி கிராம் மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்பது அம்முடிவு. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநர்க்கு விதித்த எல்லையைப் போல் மும்மடங்குக்கும் மேல்! வண்டி ஓட்டத் தகாத நிலையிலுள்ள ஒருவர் குடலைத் தைக்கத் தகுந்தவராகக் கருதப்படுகிறார். மதுவை ஹராம் என விலக்கி வாழும் நம் வீட்டுப் பிள்ளையும் இந்நிலைக்கு ஆளாகிறது என்பதை எண்ணுந்தோறும் மனம் திடுக்கிடுகிறது.

சொல்லும் பொருளும்

‘பர்ன் அவுட்’ என்று ஆங்கிலேயர் வழங்கும் சொல்லை நாளிதழ்கள் ‘பணிச்சோர்வு’ என எழுதுகின்றன. சோர்வு ஓரிரவு உறங்கி எழுந்தால் தீரும். இஃது அவ்வாறு தீர்வதன்று. எண்ணெய் வற்றிய அகலில் திரி தன்னையே எரித்துக் கருகுவது போன்ற நிலை இது. ஆதலின் ‘பணிக்கருகல்’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் மாணவர் சொல்லட்டும்.

நியூயார்க் நகர இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய தொண்டர்களிடம் இந்நிலையைக் கண்டு, 1974-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் உளவியலார் ஃபிராய்டன்பெர்கர். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்னும் இருவர் இதனை அளப்பதற்கு ஒரு வினாத்தொகுப்பை அமைத்தனர். அவர்கள் கண்ட கூறுகள் மூன்று. உள்ளம் வறண்டு போதல் ஒன்று. எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமல் ‘மூன்றாம் கட்டில்’, ‘வயிற்று கேஸ்’ என்று பொருளாகக் காணுதல் மற்றொன்று. தாம் செய்வதில் பயன் ஏதுமில்லை என்னும் எண்ணம் மூன்றாவது. அரசு மருத்துவமனையில் ‘அந்த டாக்டர் முகங்கொடுத்துப் பேசவில்லை’ என்று குறைகூறித் திரும்புவோர் நம்மில் பலர். அக்கடுமுகம் பல வேளைகளில் இரண்டாம் கூறின் வெளிப்பாடு என்பதை நாம் அறிவதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் பணிக்கருகலுக்கு இடமளித்தது. ஆனால் நோயென்று அதனைக் குறிக்கவில்லை. பணியிடத்தில் தீர்க்கப்படாது நீடிக்கும் அழுத்தத்தால் விளையும் நிலை என்றே குறித்தது. இவ்வேறுபாடு இன்றியமையாதது. நோயெனின் நோயாளியிடம் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். பணியிடத்தில் விளைவது எனின் பணியிடத்தையே நோக்க வேண்டும்.

இம்முறை எங்ஙனம் வந்தது?

அறுவைப் பயிற்சியின் இன்றைய வடிவத்தை அமைத்தவர் அமெரிக்க நாட்டு வில்லியம் ஹால்ஸ்டெட். பால்டிமோர் நகரில் 1889-இல் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் வகுத்த முறைப்படி, பயிலும் மருத்துவர் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். ‘ரெசிடென்ட்’ என்னும் பெயர் அதனால் வந்தது. அடியில் பலர் சேர்ந்து உச்சியில் ஒருவர் எஞ்சும் கூர்ங்கோபுரம் அது. அம்மேதை 1884-இல் கொகேய்னை உணர்விழக்கச் செய்யும் மருந்தாகத் தம்மீதே சோதித்துப் பார்க்கையில் அதற்கு அடிமையானார். பின்னர் மார்ஃபினுக்கும் ஆட்பட்டார். இதனைச் சொல்வது அவரை இழித்துரைப்பதற்கன்று. உறங்கா உழைப்பே அறுவை மருத்துவனின் இலக்கணம் என்று உலகம் நம்பிய முறையை வகுத்தவரே இயல்பான உடலோடு அதைத் தாங்கினார் அல்லர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அம்முறை நம் நாட்டுக்கு வந்தபோது நம் கூட்டமும் நம் பற்றாக்குறையும் அதனோடு சேர்ந்துகொண்டன. நம் அரசு மருத்துவமனைகளில் அறுவைத் துறை ‘யூனிட்’ எனும் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ‘அட்மிஷன் நாள்’ உண்டு. அந்நாளில் வரும் குடல்வால் அழற்சி, குடலடைப்பு, வெட்டுக்காயம், சர்க்கரை நோயால் அழுகிய கால் அனைத்தும் அக்குழுவைச் சேரும். முதலாமாண்டு மாணவர் விடியுமுன் வார்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டிலாகக் கட்டுப்பிரித்துக் கட்டுப் போடுகிறார். தலைவர் பார்வையிட வருமுன் எல்லாப் பரிசோதனை முடிவுகளும் அவர் நாவில் இருக்க வேண்டும். பின் இரத்தம் எடுத்தல், அதனை ஆய்வகத்தில் கொடுத்தல், ஸ்கேன் அறையில் முறை கேட்டு நிற்றல், ஆள் இல்லாதபோது ஸ்ட்ரெச்சரைத் தாமே தள்ளுதல், விபத்துப் பதிவேட்டை நிரப்புதல், காப்பீட்டுத் திட்ட ஒப்புதலுக்கு ஆவணங்களைக் கணினியில் ஏற்றுதல். இவ்வளவும் முடிந்து அறுவை அரங்குக்குள் நுழைந்தால் அவர் பங்கு பெரும்பாலும் காயத்தை விரித்துப் பிடிக்கும் கருவியை அசையாது பிடித்து நிற்பதே. இரவு முழுதும் நோயாளிகள். மறுநாட் காலை மீண்டும் கட்டுப்பிரித்தல். முப்பத்தாறு மணி நேரம் இங்ஙனம் தொடர்வது வியப்புக்குரிய செய்தியாக அவர்களிடையே பேசப்படுவதே இல்லை.

இதில் கத்தியைப் பற்றிக் கற்ற நேரம் எவ்வளவு? எழுத்தரும் கடைநிலை ஊழியரும் செய்யத்தக்க பணிகளைக் கழித்தால் எஞ்சுவது சிறிதே. உழைப்பின் மிகுதியைவிட, கற்க வந்தவர் கற்காமலே களைத்துப் போவதுதான் உள்ளத்தை வறளச் செய்கிறது என்று நாம் கருதுகிறோம். உழவர் பகலெல்லாம் உழைத்தும் கருகுவதில்லை; பயிர் கண்முன் வளர்கிறது.

மணிக்கணக்கும் அதற்கு அப்பாலும்

1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சையன் என்னும் 18 வயது மாணவி அனுமதிக்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தோர் நெடுநேரப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர். இதழாளரான அவர் தந்தை விடாது போராடினார். அதன் விளைவாக 1989-இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று எல்லை வகுத்தது. 2003-இல் வாரத்துக்கு 80 மணி என்னும் வரம்பு அந்நாடு முழுமைக்கும் வந்தது. ஐரோப்பிய நாடுகளில் 2009 முதல் வாரத்துக்கு 48 மணியே எல்லை. இடையில் 2004-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடத்திய ஆய்வில், நீண்ட பணிமுறையில் இருந்த இளம் மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்ததைவிட 36 விழுக்காடு கூடுதலாகக் கடும் பிழைகள் செய்தனர் என்று கண்டனர்.

இங்கே மூத்த அறுவை மருத்துவர்களின் மறுப்பையும் கேட்டல் முறை. கைப்பழக்கமே அறுவைக் கல்வி. நேரத்தைக் குறைத்தால் கை பழகாது என்கின்றனர். பாதி அறுவையில் பணிமுறை முடிந்ததென்று வெளியேற இயலுமா? ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நோயாளியை மாற்றுகையில் செய்தி விடுபடாதா? இவை புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. அமெரிக்காவில் 117 பொது அறுவைப் பயிற்சித் திட்டங்களை இரு கூறாக்கி, ஒரு பகுதிக்கு நேரக்கட்டுப்பாட்டில் தளர்வு தந்து ஆராய்ந்தனர். வாரத்துக்கு 80 மணி என்னும் எல்லை இருசாரார்க்கும் பொது. 2016-இல் வந்த முடிவின்படி நோயாளிகளின் இறப்பிலோ பெரும் பின்விளைவுகளிலோ வேறுபாடு காணப்படவில்லை. தளர்வு பெற்றோர் தம் குடும்ப வாழ்வும் ஓய்வும் பாதிக்கப்பட்டதாகக் கூறினர்.

அவ்வாறாயின் கருகலுக்கு வேறு காரணமும் இருத்தல் வேண்டும். அதனை 2019-இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட ஆய்வு காட்டியது. 262 பயிற்சித் திட்டங்களில் பொது அறுவை பயின்ற 7,409 பேர் அதில் விடையளித்தனர். வாரந்தோறுமாவது கருகலின் அறிகுறி உடையோர் 38.5 விழுக்காடு. சொல்லாலோ கையாலோ இழிவுபடுத்தப்பட்டோர் 30.3 விழுக்காடு. பாலியல் தொல்லைக்கு ஆளானோர் 10.3 விழுக்காடு. பெண்களில் 65.1 விழுக்காட்டினர் பெண்ணென்பதால் வேற்றுமையாக நடத்தப்பட்டனர். மேலோட்டமாக நோக்கின் ஆண்களைவிடப் பெண்களிடம் கருகல் மிகுதி. உடனே ‘பெண்களுக்கு அறுவைத் துறை தாங்காது’ என்று கூறுவோர் நம்மிடையேயும் உளர். ஆய்வாளர் அத்துடன் நிற்கவில்லை. இழிவும் தொல்லையும் எத்துணை நேர்ந்தன என்பதைக் கணக்கில் கொண்டு மீண்டும் கணித்தபோது ஆண் பெண் வேறுபாடு மறைந்துபோயிற்று! பெண்மை காரணமன்று, பெண்ணை நடத்திய முறையே காரணம். மகளை அறுவைத் துறைக்கு அனுப்பத் தயங்கும் தந்தையர் இவ்வொரு முடிவையேனும் நினைவிற் கொள்வாராக.

நம் நாட்டு நிலை

சட்டம் இல்லாமலில்லை. மைய அரசு 1992-இல் உறைவிட மருத்துவர்க்கென வகுத்த விதிகளில், தொடர்பணி நாளொன்றுக்கு இயல்பாக 12 மணியைத் தாண்டலாகாது, வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று உள்ளது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அவ்விதி தாளில் உறங்குகிறது, மருத்துவர்தாம் உறங்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு விதிகள் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் வாரம் ஒருநாள் விடுப்பும் தருகின்றன. பணிநேரத்தைப் பற்றியோ ‘நியாயமான’ நேரம் என்னும் அளவோடு நின்றுவிடுகின்றன. நியாயம் எத்தனை மணி என்று யார் சொல்வது? அதே ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது எனப் பரிந்துரைத்தது. அக்குழுவுக்கு விடையளித்த பட்டமேற்படிப்பு மாணவர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் உயிரை விட்டுவிடும் எண்ணம் தமக்கு வந்ததுண்டு என்றனர். 2023-இல் வெளிவந்த விவரப்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பட்டமேற்படிப்பை இடையில் விட்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பொது அறுவைத் துறை அப்பட்டியலில் முன்னிடம் பெற்றிருந்தது. அரிதில் கிடைத்த இடத்தை ஒருவர் துறந்து செல்வாராயின் உள்ளே நேர்ந்தது என்னவாக இருக்கும்?

2019 மே மாதத்தில் மும்பையில் மகப்பேற்று மருத்துவம் பயின்ற, முஸ்லிம் பழங்குடிக் குடும்பத்துப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் குலத்தைச் சொல்லி இழிவுபடுத்தினர் என்று தாயார் வழக்குத் தொடுத்தார். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நுரையீரல் மருத்துவம் பயின்ற பெண் மருத்துவர் நெடும்பணியின் இடையே ஓய்வறை இன்மையால் கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்தார். அங்கேயே கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் 36 மணி நேரப் பணியைப் பற்றிக் கவலை தெரிவித்து, மருத்துவர் பாதுகாப்புக்கும் பணிச்சூழலுக்கும் எனத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு கட்டில், தூய கழிப்பறை ஆகியவை பெருஞ்செலவுகள் அல்ல.

பழைய ஆசான்கள் இருவர்

அறுவை மருத்துவ வரலாற்றில் நிலைத்த பெயர் அந்தலூசியாவின் கொர்தோபா நகரத்து அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவியுடையது (936 - 1013). முப்பது பகுதிகள் கொண்ட அவருடைய ‘தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதி அறுவை பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெறுகின்றன. அந்நூலில் தம் மாணவரை அவர் பிள்ளைகளே என்று விளித்து எழுதுகிறார். அவருக்கு முற்பட்ட அர்-ராஸியின் பாடமுறையை நூற்பட்டியல் அறிஞர் இப்னு அந்-நதீம் குறித்துவைத்துள்ளார். மாணவர் வட்டங்களாக அமர்வர். வரும் நோயாளியிடம் முதலில் புற வட்டத்து இளையோர் பேசுவர். அவர்க்கு விளங்காதது உள்வட்டத்துக்குச் செல்லும். எவருக்கும் விளங்காதபோது ஆசான் பேசுவார். இளையோர் முதலில் நிற்பது அன்றும் இன்றும் ஒன்றே. தெரியவில்லை என்று இளையவர் சொல்ல அங்கே அச்சமில்லை. இன்று இரவு இரண்டு மணிக்கு மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்து ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்று சொல்ல எத்தனை முதலாமாண்டு மாணவர்க்குத் துணிவு வரும்? அக்காலத்தைப் பொற்காலமென்று மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. இவ்வொரு பழக்கம் கெடாரிலிருந்து வந்த நோயாளியின் உயிரைக் காக்கும் என்பதைமட்டும் சொல்கிறோம்.

இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்து, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று அறிவுறுத்திய செய்தி நாம் அனைவரும் கேட்டறிந்ததே. வணக்கத்துக்கே அவ்வெல்லை உண்டாயின் பணிக்கு இல்லாதிருக்குமோ?

இளம் மருத்துவர்க்கு மூச்சுப் பயிற்சியும் தியான வகுப்பும் நடத்திவிட்டு அமைதியுறும் போக்கு இப்போது பல இடங்களில் பரவியுள்ளது. அவற்றால் தீங்கில்லை. ஆனால் முப்பத்தாறு மணி நேரம் நின்றவரை ஒரு மணி நேர வகுப்புக்கு அழைப்பது அவர் உறக்கத்தில் இன்னும் ஒரு மணியைப் பறிப்பதாகும். எழுத்துப் பணிக்கு ஓர் எழுத்தர், ஸ்ட்ரெச்சருக்கு ஓர் ஊழியர், பணிமுறை மாறுகையில் தாளில் எழுதிக் கையளிக்கும் ஒழுங்கு, நோயாளியின் முன் எவரையும் ஏசலாகாது என்னும் தலைவரின் கண்டிப்பு ஆகியன முதலில் வேண்டும்.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அறுவை பயிலும் மகனோ மகளோ நள்ளிரவில் அழைத்து, ‘அத்தா, என்னால் முடியவில்லை, விட்டுவிட்டு வரட்டுமா?’ என்று கேட்கும் நாள் வரலாம். ‘மூன்றாண்டு பொறுத்துக்கொள், ஊரில் என்ன சொல்வார்கள்’ என்று உடனே விடையளித்து அழைப்பைத் துண்டித்துவிடலாகாது. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், கடைசியாக எப்போது உறங்கினாய், எப்போது உண்டாய் என்று கேட்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் வாளாவிராமல் 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணையோ தமிழ்நாட்டின் 104 எண்ணையோ அழைக்கலாம்; இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசுவர். அன்றிரவே புறப்பட்டுப் பிள்ளையின் விடுதிக்குச் செல்வது அதனினும் நன்று. விடுப்பு கேட்க அஞ்சுவாராயின் 20 நாள் விடுப்பு சலுகையன்று, விதி என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதில் முதல் நாளை அவர் வீட்டில் உறங்கியே கழிக்கட்டும். பார்க்க வரும் உறவினரை மாலையில் வரச் சொல்லலாம்.